சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று

அத்தியாயம் ஏழு

ஒரு மனுசனை அழ வைக்கத்தான் கிளம்புறோம்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்குக் காலையில நான் மூணு ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்க மாட்டேன். ஒண்ணோட நிறுத்தியிருப்பேன். சரி, விடுங்க. நடந்ததைச் சொல்றேன்.

என் பேரு செல்வா. வயசு நாப்பத்தி நாலு. ஸ்கூடாய்ல ஒரு டயர் கடைக்கு மேல இருக்குற துப்பறியும் ஆபீஸ்ல நான் டிரைவர், கிளார்க், தே ஓன்னு பால் இல்லாத டீ கலக்குறவன், எவனாவது பொண்டாட்டிக்குத் தெரியாம எங்கயாவது போனா பின்னாலயே போறவன். முதலாளி தவமணிதேவி மேடம். நாட்டு எல்லையில இருக்குற தம்பாக் பாலத்து இமிகிரேஷன் கவுண்டர்ல முப்பது வருசம் உக்காந்து, பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்து ரிடையர் ஆனவங்க. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பேச்சுல அது இன்னும் போகல. என்னை "நீர்"னுதான் கூப்பிடுவாங்க. திட்டும்போதுகூட மரியாதையாத்தான் திட்டுவாங்க, அதான் இன்னும் வலிக்கும்.

கேஸ் இதுதான். ஜனவரி ரெண்டாவது சனிக்கிழமை, ரூபேந்திரன்னு ஒரு பையன், இருபத்தாறு வயசு, செனாய்ல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன், வீட்டுல ஓவர்டைம்னு சொல்லிட்டு மெர்சிங்குக்கு வடக்கே ஒரு கடற்கரைக்கு விண்ட்சர்ஃபிங் பண்ணப் போயிட்டான். பலகை மேல நின்னு, பாயைக் கையில புடிச்சுக்கிட்டு, காத்துலயே பறக்குற விளையாட்டு. மொன்சூன் மாசம். காத்து பேயா அடிச்ச நாள். கரையில இருந்து ரொம்ப தூரத்துல பாய்மரத்தோட அடிமூட்டு உடைஞ்சு போச்சு. பாய் இல்லாத பலகை எங்க போகும்? காத்தும் நீரோட்டமும் இழுத்த பக்கம்தான் போகும். முனையைத் தாண்டி இழுத்துட்டுப் போயிருச்சு. மறுநாள் காலையில மீன் புடிக்கிறவங்க கண்டெடுத்தப்போ உயிர் இல்ல. இடுப்புப் பட்டையைப் பலகையோட சேர்த்துக் கட்டியிருந்தான். கையில இருந்த வாட்ச் ராத்திரி எட்டே முக்கால் வரைக்கும் அவன் நாடியை எண்ணியிருந்துச்சு.

அந்தக் கடற்கரையில பலகை வாடகைக்கு விடுறவரு அர்ச்சுனன். ஆறு மணிக்கு எல்லாரும் கரைக்கு வந்தாச்சுன்னு கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டார். அப்போ ரூபேந்திரன் கடல்ல உயிரோட இருந்தான். யாரும் தேடல.

எங்ககிட்ட வந்தது பையனோட அக்கா ஷர்மினி. முப்பத்தோரு வயசு, ஒரு பல் கிளினிக்ல வேலை. அழாம பேசுனா. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

"ஆன்ட்டி, அங்க கடை வாசல்ல சிலிப்பர் வைக்க ஒரு பலகை இருக்காம். கடல்ல இறங்குறவங்க சிலிப்பரை அதுல கழட்டி வைக்கணும். சிலிப்பர் இருந்தா ஆள் இன்னும் கடல்லன்னு அர்த்தம். அந்த ஆளு போலீஸ்ல, பார்த்தேன், பலகை காலியா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கான். பொய். அவன் பார்க்கவே இல்ல. திங்கட்கிழமை விசாரணை. அதுக்குள்ள அவன் பார்க்கலைன்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்."

கவனக்குறைவுன்னு முடிவாச்சுன்னா அர்ச்சுனனுக்கு லைசென்ஸ் போகும், கேஸும் வரும். எனக்கு அந்த ஆள் மேல இரக்கமே வரல. மூணு மணி நேரம் ஒரு பையன் கடல்ல மிதந்திருக்கான், இவன் வீட்டுல காலை நீட்டிக்கிட்டு டிவி பார்த்திருப்பான்னு நினைச்சாலே பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஆளை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வண்டியையே எடுத்தேன்.

ஆயர் ஈத்தாம்ல ஷர்மினியை ஏத்திக்கிட்டு, குளுவாங் தாண்டி மெர்சிங் ரோட்டுல போனோம். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. செம்பனைத் தோட்டத்து மட்டையெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு ஆடுது. காரே லேசா ஆடுது.

"அந்தக் கடற்கரை எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது ஆன்ட்டி," ஷர்மினி சொன்னா. "மெர்சிங் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டோம். அம்மா இன்னும் தினமும் காலையில எழுந்திரிச்சு அர்ச்சுனன் பேரைச் சொல்லிச் சாபம் விடுறாங்க. அப்புறம்தான் பல்லே விளக்குவாங்க."

கொஞ்ச நேரத்துல தோட்டத்துக்கு நடுவுல ரோடு ரெண்டா பிரிஞ்சுது. போன் நேரா போகச் சொல்லுது. பின்னால இருந்து ஷர்மினி குறுக்கிட்டா.

"இடது பக்கம் எடுங்க அண்ணே. நேரா போனா பாலம் உடைஞ்சிருக்கு."

எடுத்தேன். நாலு கிலோமீட்டர் குண்டும் குழியும். தின்ன ரொட்டி மூணும் வயித்துக்குள்ள இடம் மாறி உக்காந்துச்சு.

"மேடம், இடுப்பு இருக்கா?"

"ரோட்டைப் பாரும், செல்வா."

*

கடற்கரையில சவுக்கு மரத்துக்குக் கீழ ஒரு பலகை வீடு. அதான் அர்ச்சுனனோட கடை. கடல்ல ஏழெட்டுப் பாய், மஞ்சளும் பச்சையுமா, ஒண்ணை ஒண்ணு துரத்துது. ஒருத்தன் தண்ணியைத் தொடாம பறந்து போய் தொப்புன்னு விழுந்தான். நான் காசு குடுத்துக்கூட அங்க இறங்க மாட்டேன்.

அர்ச்சுனன் ஒல்லியான ஆளு, நாப்பத்தெட்டு வயசு இருக்கும், வெயில்ல கருத்து உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. ஷர்மினி யாருன்னு சொன்னதும் அவர் கைகட்டி நின்னுட்டார். அவ அவரைப் பார்க்காம போயி தூரமா ஒரு மரத்தடியில உக்காந்துட்டா.

வாசப்படிக்குப் பக்கத்துல அந்தப் பலகை. நீட்டமா, இடுப்பு உயரத்துல, மேல ஒரு ஜோடி சிலிப்பரும் ஒரு அலையும் பெயிண்ட்ல வரைஞ்சிருந்துச்சு.

"எதுக்கு சிலிப்பர்? டேக் கீக் ஒண்ணும் கிடையாதா?"ன்னு நான்தான் ஆரம்பிச்சேன்.

"முதல்ல டேக்தான் தம்பி குடுத்தேன். பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறானுங்க. நான் பைத்தியக்காரன் மாதிரி போட் எடுத்துக்கிட்டு கடல்ல தேடுவேன். சிலிப்பரை எவனும் மறக்க மாட்டான். இந்த மணலைப் பாருங்க, சவுக்குக் காயெல்லாம் குத்தும். வெறுங்காலோட கார் வரைக்கும் போக முடியாது. அதான் எட்டு வருசமா இப்படி. என் பலகையோ சொந்தப் பலகையோ, இறங்குறவன் சிலிப்பரை இங்க வைக்கணும். ஆறு மணிக்கு ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் போட் எடுப்பேன்."

"அன்னிக்கு எடுக்கல."

"அன்னிக்குக் காலியா இருந்துச்சு தம்பி."

"அவன் என்ன, சிலிப்பரைப் போட்டுக்கிட்டேவா கடல்ல இறங்குனான்?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "இங்கதான் வச்சான். நான் பார்த்தேன். ரெண்டு மணிக்கு வந்தான், சொந்தப் பலகையை வேன்ல போட்டுக்கிட்டு. சின்னப் பாயைக் கட்டுடான்னேன், காத்து ஜாஸ்தின்னேன். சரிண்ணேன்னு சின்னதுதான் கட்டுனான். நல்லா ஓட்டுவான். அவன் சிலிப்பர் எல்லாருக்கும் தெரியும். இடது கால் சிவப்பு, வலது கால் நீலம். ஒரு தடவை கோயில்ல எவனோ ஒத்தைச் சிலிப்பரை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டானாம். அதுக்கப்புறம் இதுதான் ராசின்னு அதையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்."

"இவ்வளவு தெரியுது. அதே கண்ணு ஆறு மணிக்கு லீவு போட்டுட்டுப் போயிருச்சா? வேன் நிக்குறதுகூடவா தெரியல?"

"சனிக்கிழமை தம்பி. கூடாரம் போடுறவங்க காரு மட்டும் முப்பது நாப்பது நிக்கும். அதுல எது யாருதுன்னு..."

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. பலகையை மறைச்சுக்கிட்டு நின்னேன். "சரி, பெரிய கண்ணுக்காரரே. இப்போ எனக்குப் பின்னால எத்தனை ஜோடி இருக்கு? பார்க்காம சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்ல. "ஒம்போது. கடைசி ஜோடி சின்னப் பிள்ளையோடது."

திரும்பி எண்ணுனேன். ஒம்போது. கடைசி ஜோடியில பூனைப் படம் போட்டிருந்துச்சு.

"இப்போ எப்பவும் எண்ணிக்கிட்டே இருக்கேன்," அர்ச்சுனன் சொன்னார். "தூக்கத்துலயும் எண்ணுறேன். அது அன்னிக்குப் பார்த்ததுக்குச் சாட்சி ஆகாது தம்பி. எனக்கே தெரியும்."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணு நிறைஞ்சிருச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "அழுதா லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது அண்ணே"ன்னு சொன்னேன். அந்த வாயை இப்போ நினைச்சாலும் ரெண்டு அறை விடலாம்னு தோணுது.

"செல்வா," மேடம் சொன்னாங்க, "எனக்குத் தேத்தண்ணி வேணும். வாரும்."

*

பக்கத்துல காக் யான்னு ஒரு மலாய்க்கார அக்காவோட கடை. கெரோப்போக்னு மீன் அப்பளம் பொரிக்கிறாங்க, மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டு சிலிப்பரும் விக்கிறாங்க. மேடம் தே தாரேக் சொல்லிட்டு, சிவப்புல ஒரு ஜோடி, நீலத்துல ஒரு ஜோடி சிலிப்பர் வாங்குனாங்க. ரெண்டும் என் சைஸ்.

"மேடம், எனக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட்ல."

"உம்மட காலில இருக்கிறதைக் கழட்டும்."

நான் போட்டிருந்தது போன வாரம் வாங்குன புது சிலிப்பர். உள்ளங்காலை அமுக்கி விடுற மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். சுகர் குறையும்னு விக்கிறவன் சொன்னான். மேடம் அதைக் கொண்டுபோய் பொதுக் குளியலறை வாசல்ல வச்சாங்க. பக்கத்துலயே சிவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு, அந்த ரெட்டை நிறத்தையும் வச்சாங்க. மிச்சம் இருந்த சிவப்பையும் நீலத்தையும் என்கிட்ட குடுத்துப் போட்டுக்கச் சொன்னாங்க.

"நான் என்ன, டிராஃபிக் லைட்டா?"

"இருந்து சாப்பிடும்."

சாப்பிட்டோம். முக்கால் மணி நேரம். எத்தனையோ பேர் குளிச்சிட்டுப் போனாங்க, வந்தாங்க. மேடம் காக் யாகிட்ட மலாய்ல ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தாங்க. மழை, மீன் விலை, ரோடு.

"அந்தத் தோட்டத்துப் பாலம் இன்னும் சரியாகவில்லையோ?"ன்னு கேட்டாங்க.

காக் யா சிரிச்சாங்க. "பாலமா? அது ஜனவரி முதல் வாரத்து வெள்ளத்துல போச்சு. பத்து நாள்ல கட்டிட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல எல்லாரும் நேராத்தான் வர்றாங்க. நீங்க எதுக்கு சுத்தி வந்தீங்க?"

மேடம் டம்ளரைக் கீழ வச்சிட்டாங்க. பாதிதான் குடிச்சிருந்தாங்க. அது ஏன்னு நான் யோசிக்கல, ஏன்னா எனக்கு அப்போ வேற கவலை. குளியலறை வாசல்ல என் புது சிலிப்பர் இல்ல.

"அலாமாக். மேடம், என் சிலிப்பர்."

"போயிட்டுதோ?"

"போயிருச்சு. முப்பத்தஞ்சு வெள்ளி குடுத்து வாங்குனது. அந்த ரெட்டை நிறம் அப்படியே குத்துக்கல்லா உக்காந்திருக்கு."

"ஓம். அது அங்கயேதான் இருக்கும். ஆருக்கு வேணும் அது? களவெடுக்கிறவன் ஜோடி சேராததை எடுக்க மாட்டான். மாறிப் போட்டுக்கொண்டு போறவனும் அதைப் போட மாட்டான், காலைப் பார்த்த உடனே தெரிஞ்சிடும். அப்ப ரூபேந்திரன்ட சிலிப்பரை ஒருத்தர் எடுத்திருந்தால், ஏன் எடுத்தவர்?"

நான் யோசிச்சேன். "அது அவனோடதுன்னு தெரிஞ்சு எடுத்திருக்கணும்."

"அது அவன்ட எண்டதாலதான் எடுத்திருக்கிறார்."

"ஆனா அவன் தனியாத்தானே வந்தான்? இங்க வந்ததே வீட்டுல யாருக்கும் தெரியாதே."

மேடம் என் காலைப் பார்த்தாங்க, அப்புறம் தூரத்துல மரத்தடியில உக்காந்திருந்த ஷர்மினியைப் பார்த்தாங்க. "பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை. கொஞ்சம் கெரோப்போக் கொண்டுபோய்க் குடும்"னாங்க.

அந்தச் சிலிப்பரோட என்னை அவகிட்ட அனுப்புனதை மேடம் தெரிஞ்சேதான் செஞ்சாங்களான்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டா ஓம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்.

*

பிளாஸ்டிக் பையில கெரோப்போக்கை எடுத்துக்கிட்டு நான் மணல்ல நடந்தேன். ஷர்மினி கடலைப் பார்த்து உக்காந்திருந்தா. நான் வந்ததே காத்துச் சத்தத்துல அவளுக்குக் கேக்கல. பக்கத்துல போய் நின்னு, என் பழக்க தோசம், "இந்தாங்கம்மா, சூடா இருக்கு. சாப்பிட்டுட்டு இந்த மாமனோட ஃபேஷனைப் பாருங்க"ன்னு ஒரு காலைத் தூக்கிக் காட்டுனேன்.

அவ திரும்பிப் பார்த்தா. முதல்ல சிவப்பு, அப்புறம் நீலம்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்றது? ரத்தமெல்லாம் வடிஞ்சு போச்சு. உக்காந்த இடத்துலயே பின்னால நகர்ந்தா, கையை மணல்ல ஊனிக்கிட்டு, என்னைப் பார்த்துப் பயந்து. "எங்க எடுத்தீங்க? என் கார் பின்னால பூட்ல இருந்துச்சே. பூட்டித்தானே வச்சிருந்தேன்."

கெரோப்போக் கை நழுவி மணல்ல விழுந்துச்சு.

மேடம் எனக்குப் பின்னாலயே வந்திருக்காங்க. ஷர்மினி பக்கத்துல மெதுவா உக்காந்தாங்க. அவங்களுக்கு முழங்கால் வலி, தரையில உக்காரவே மாட்டாங்க. "இது கடையில வாங்கினது, பிள்ளை. உம்மட தம்பின்டது உம்மட காருக்குள்ளதான் இருக்குது. பாலம் உடைஞ்சது பத்து நாள்தான். அந்தப் பத்து நாளுக்குள்ள இங்க வந்த ஆளுக்குத்தான் அந்தச் சுத்துப் பாதை தெரியும்."

ஷர்மினி சொல்ல ஆரம்பிச்சா.

"அவன் போன்ல படம் போட்டிருந்தான். காத்து வந்தாச்சுன்னு எழுதி, இந்தக் கடலைப் போட்டிருந்தான். அதை எனக்குத் தெரியாம மறைக்க மறந்துட்டான். ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனவன் ஆன்ட்டி. இந்தக் காத்துல போகாதடா, அம்மாவுக்கு ப்ரெஷர்டான்னு எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன். அப்படியே காரை எடுத்துட்டு வந்தேன். நாலரை இருக்கும்."

"அவரைக் கண்டனீரோ?"

"கண்டேன். அதோ, அங்க. மஞ்சள் பாய். அலை மேல அடிச்சுப் புடிச்சுப் போறான், உடம்பு முழுக்கச் சாய்ஞ்சு, முதுகு தண்ணியைத் தொடுற மாதிரி. கரைக்குக் கிட்ட வந்து ஒரு திருப்பு திருப்புனான். அப்போ முகம் தெரிஞ்சுது. சிரிக்கிறான் ஆன்ட்டி. வாயை முழுசாத் திறந்து சிரிக்கிறான். வீட்டுல அவன் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எனக்குக் கோவம்னா கோவம். நாங்க எல்லாம் அங்க மூச்சுப் புடிச்சுக்கிட்டு இருக்கோம், இவனுக்கு இங்க இவ்வளவு சந்தோசமான்னு. கூப்பிடக்கூட இல்ல. அந்தப் பலகையில அவன் சிலிப்பர் இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். வெறுங்காலோட வீட்டுக்கு வரட்டும், அக்கா வந்து பார்த்துட்டுப் போயிட்டான்னு அவனுக்குத் தெரியட்டும். அவ்வளவுதான் நினைச்சேன். அவ்வளவுதான்."

"பலகையில வரைஞ்சிருந்ததைக் காணேல்லையோ?"

"பார்த்தேன். சிலிப்பரை இங்க வைங்கன்னு நினைச்சேன். கோயில்ல எழுதியிருக்குமே, அந்த மாதிரி."

நான் அந்த ரெண்டு சிலிப்பரையும் கழட்டி முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன். சவுக்குக் காய் காலுல குத்துச்சு. குத்தட்டும்னு நின்னேன்.

"ராத்திரி அவன் வரல. சிலிப்பரைப் பார்த்துட்டுக் கோவத்துல வரலைன்னு நினைச்சேன். பன்னெண்டு மணி வரைக்கும் நான் யாருக்கும் போன் பண்ணல. வரட்டும், எவ்வளவு நேரம்தான் வராம இருப்பான்னு வீம்பா உக்காந்திருந்தேன்." அவ வாயைப் பொத்திக்கிட்டா. "மூணு வாரத்துக்கு முன்னாலதான் போலீஸ்ல அவரு எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். பலகை காலியா இருந்துச்சுன்னு. அன்னியிலிருந்து தூங்கல. அவரு பார்க்கவே இல்லைன்னா, சிலிப்பர் இருந்தாலும் இல்லைன்னாலும் ஒண்ணுதானே? அவரு பார்க்கலைன்னு நீங்க சொல்லிட்டா நான் எடுத்தது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

மேடம் அவ தோள்ல கை வச்சாங்க. "அதை என்னால நிரூபிக்கேலாது, பிள்ளை. நிரூபிக்கேலாது எண்டு மட்டும் எழுதித் தருவன். இந்தக் கதை உம்மட கதை. அதை நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"மேடம்," நான் குறுக்கப் பாஞ்சேன், "அது எப்படி? திங்கட்கிழமை அந்த மனுசன்..."

"செல்வா."

"காலையில நான் அவரை என்னவெல்லாம் சொன்னேன் மேடம். எனக்கே நெஞ்சு அடைக்குது. சும்மா வாயைப் பொத்திக்கிட்டு வண்டியை ஓட்டச் சொல்றீங்களா?"

"ஓம். முடிவு அவவின்ட."

ஷர்மினி முழங்காலைக் கட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே இருந்தா. "அம்மாவுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாங்க. தம்பியும் இல்ல. நானும் இல்லைன்னா அவங்களுக்கு யாரு இருக்கா?"

*

அப்போதான் அர்ச்சுனன் வந்தார். கையில ரெண்டு மினரல் வாட்டர் பாட்டில். காலையில இருந்து அந்தப் பொண்ணு ஒண்ணும் குடிக்கலைன்னு கவனிச்சிருக்கார். பாட்டிலை அவ கைக்கு எட்டுற தூரத்துல மணல்ல வச்சிட்டு, நாலடி தள்ளியே நின்னார். கிட்ட வர தனக்கு உரிமை இல்லைங்கிற மாதிரி.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். ஏசாதீங்க." மணலைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "திங்கட்கிழமை நீங்க அலைய வேண்டாம். நானே ஒத்துக்கப் போறேன்."

ஷர்மினி நிமிர்ந்து பார்த்தா.

"என்ன ஒத்துக்கப் போறீங்க?" மேடம் கேட்டாங்க.

"பார்க்கலைன்னு. அன்னிக்கு என் மகளுக்குப் பிறந்தநாள். ஏழு மணிக்குள்ள கேக் எடுக்கணும். அவசரமாத்தான் பூட்டுனேன். பலகையைப் பார்த்த மாதிரிதான் ஞாபகம் இருக்கு, காலிப் பலகை அப்படியே கண்ணுல நிக்குது. ஆனா அவன் கடல்ல இருந்திருக்கான். அப்போ சிலிப்பர் இருந்திருக்கணும்ல? இருந்ததை இல்லைன்னு எப்படிப் பார்த்திருப்பேன்? அப்போ நான் பார்க்கவே இல்ல. மனசே பொய்யா ஒரு படத்தைப் போட்டுக் காட்டுது. ஆறு வாரமா யோசிச்சு யோசிச்சு இங்கதான் வந்து நிக்கிறேன். பொண்டாட்டிகூட கேட்டுட்டா, உண்மையிலயே பார்த்தீங்களான்னு. அவளுக்கும் என்னால சத்தியம் பண்ண முடியல." முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "உங்க அம்மா சாபம் விடுறது நியாயம்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்."

நான் ஷர்மினியைப் பார்த்தேன். அவ கேட்டது அவ மடியிலயே வந்து விழுந்திருக்கு. வாயைத் திறக்காம இருந்தா போதும். திங்கட்கிழமை அந்த ஆளே கையெழுத்துப் போட்டுருவார், அவ அம்மா அந்தப் பேரையே சொல்லிச் சாபம் விட்டுக்கிட்டு இருப்பாங்க, இவ நிம்மதியா தூங்கலாம். நான் சொல்லிடலாம்னு ஒரு அடி எடுத்து வச்சேன். மேடம் என் மணிக்கட்டைப் புடிச்சாங்க.

அர்ச்சுனன் திரும்பி நடக்க ஆரம்பிச்சார்.

"அண்ணே."

அவர் நின்னார். அவ எழுந்திரிச்சா. காத்துல அவ குரல் உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.

"நீங்க பார்த்தது சரிதான். காலியாத்தான் இருந்துச்சு. நாலரை மணிக்கு நான் வந்து எடுத்துட்டுப் போயிட்டேன்."

அவர் திட்டுவார்னு நினைச்சேன். கத்துவார், அடிக்கக்கூட வருவார்னு நினைச்சேன். அவர் அவளையே பார்த்தார். அப்புறம் மணல்லயே உக்காந்துட்டார். ரெண்டு கையாலயும் தலையைப் புடிச்சுக்கிட்டு, குழந்தை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "பார்த்தேன். அப்போ நான் பார்த்தேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதுக்கிட்டேதான் சொன்னார்.

நான் போய் அவர் பக்கத்துல உக்காந்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல. ஆறு வாரமா தன் கண்ணையே நம்பாம இருந்த ஆளு, இப்போ யார் என்ன சொன்னாலும் கேக்குற நிலையில இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவர் தலையைத் தூக்குனார். "உங்களுக்குத் தெரியாதுல்ல தங்கச்சி? அந்தப் பலகை எதுக்குன்னு?"

"தெரியாது அண்ணே."

"படம் மட்டும் வரைஞ்சு வச்சது என் தப்பு. எழுதியிருக்கணும்."

"வேண்டாம் அண்ணே," அவ சொன்னா. "இதையும் நீங்க எடுத்துக்காதீங்க."

மேடம் மணலைத் தட்டிக்கிட்டு எழுந்திரிச்சாங்க. "திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நான் கூட வரட்டோ, பிள்ளை?"

ஷர்மினி கடலைப் பார்த்தா. மஞ்சள் பாய் ஒண்ணு கரையை நோக்கி வேகமா வந்துக்கிட்டிருந்துச்சு. அது திரும்பி மறுபடியும் தூரமாப் போற வரைக்கும் அவ கண்ணை எடுக்கல.

"வாங்க ஆன்ட்டி," அவ சொன்னா. "அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்."